புதுப்பிப்பு: எண்ணெய் வழியும் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் தேவையா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மத்தியானத்துக்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிகிறது, ஆனால் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் செதில் செதிலாக உரிகிறது, மாய்ஸ்சரைசர் போடலாமா என்று. தோலில் எண்ணெய் இருக்கிறது, நீர்ச்சத்துதான் இல்லை என்று பலர் சொன்னீர்கள். அது சரிதான்.

நாளுக்கு நாலு தடவை ஃபேஸ்வாஷ் போட்டதை இரண்டாகக் குறைத்தேன். ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் கிளிசரினும் ஹையலூரானிக் ஆசிடும் உள்ள ஜெல் வாங்கி, ஒத்துக்கொள்கிறதா என்று மூன்று நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போனேன்.

பெரிய வித்தியாசம் தந்தது தடவும் விதம். முன்பெல்லாம் துண்டால் அழுத்தித் துடைத்து, ஃபேன் காற்றில் முகம் நன்றாகக் காய்ந்த பிறகு தடவுவேன். இப்போது மெதுவாக ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு ஜெல்லைக் கன்னம், நெற்றி, மூக்கு, தாடையில் பொட்டு வைத்துப் பரப்புகிறேன். அந்த ஈரத்தைக் கிளிசரின் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டே வாரத்தில் செதில் நின்றது. காலையில் இதன் மேல் சன்ஸ்கிரீன்.

அம்மாவுக்கு வறண்ட சருமம். இதே ஜெல் அவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. செராமைடு (தோலில் ஈரம் வெளியேறாமல் காக்கும் ஒருவகைக் கொழுப்பு) உள்ள கெட்டியான க்ரீமும், இரவில் அதன் மேல் மெல்லிசாக வாசலினும்தான் ஒத்துவந்தது.

தேங்காய் எண்ணெய் சொன்னவர்களுக்கு: நெற்றியில் பொடிப்பொடியாகப் பரு வந்தது, விட்டுவிட்டேன். தாடைப் பரு இன்னும் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் தோல் மருத்துவரைப் பார்க்கிறேன்.