மறு: ‘பிளெட்ஜ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் சிறு அகராதி நிரல் ஒன்றை எழுதிவரும் நண்பர், அது பாதியிலேயே நின்றுபோவதற்குக் காரணம் கேட்டு எழுதிய மடலிலிருந்துதான் இந்த விவாதம் தொடங்கியது. விடை எழுதியவர்களில் ஒருவர் ‘உறுதிமொழி மீறல்’ என்றார், ஒருவர் ‘சூளுரை’ என்றார், இன்னொருவர் சாண்ட்பாக்ஸ் என்பதை மொழிபெயர்த்து ‘மணற்பெட்டிச் சிக்கல்’ என்றார். மூன்றும் பிளெட்ஜ் என்னும் ஒரே ஏற்பாட்டை, அதாவது ஒரு நிரல் தான் செய்யப்போகும் வேலைகளின் வகைகளை முன்கூட்டியே சொல்லி அவற்றோடு நின்றுகொள்வதைக் குறிக்கின்றன என்பதே கேட்டவருக்குப் புரியாமல் போய்விட்டது. ஆகவே முதலில் அவருடைய சிக்கலைத் தீர்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். எந்தச் சொல் பொருந்தும் என்பதற்கான தடயமும் அந்தச் சிக்கலுக்குள்ளேயே கிடக்கிறது.

அவருடைய நிரல் தொடங்கியவுடன் பிளெட்ஜ் செயற்கூற்றை அழைத்து, ‘எஸ்டிடிஐஓ’, ‘ஆர்பாத்’ என்னும் இரண்டு சொற்களை மட்டும் கொடுக்கிறது. முதலாவது, ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகளைப் படித்தல், எழுதுதல், நினைவகம் பெறுதல் போன்ற அன்றாட வேலைகளுக்கானது; இரண்டாவது, கோப்புகளைப் படிப்பதற்காகத் திறக்க இடந்தருவது. சொற்பட்டியல் வட்டில் இருந்தவரை இவை போதுமானவையாக இருந்தன. பட்டியலை வலையிலிருந்து புதுப்பிக்கும் வசதியைப் பிறகு சேர்த்தவர், பிளெட்ஜ் வரியை அப்படியே விட்டுவிட்டார். இப்போது புதுப்பிக்கச் சொன்னவுடன் முனையத்தில் ‘அபார்ட் டிராப், கோர் டம்ப்டு’ என்று ஒரு வரி வந்து நிரல் முடிந்துபோகிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால், நிரலின் பெயரையும் செயல்முறை எண்ணையும் அடுத்து, ‘பிளெட்ஜ் இனெட், சிஸ்கால் 97’ என்று கெர்னல் எழுதிவைத்திருப்பதைப் பார்க்கலாம்.

‘நான் இனெட்டைக் குறிப்பிடவே இல்லையே, கெர்னல் ஏன் அதைப் பேசுகிறது?’ என்பது நண்பரின் கேள்வி. புதிதாக வருபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. அந்த வரியில் இருப்பது நிரல் கொடுத்த சொல் அன்று. கொடுக்காமல் விட்ட சொல்; இனெட் என்பது வலைத்தொடர்புக்கான சொல். நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பே அமைப்பழைப்பு (சிஸ்கால்); 97 என்பது வலையிணைப்புக்கான முனையாகிய சாக்கெட்டை உருவாக்கும் அமைப்பழைப்பின் எண். எனவே, ‘இனெட் என்று முன்கூட்டிச் சொல்லாமலேயே இந்த நிரல் சாக்கெட்டைத் திறக்கப் பார்த்தது, ஆகவே அதைக் கொன்றுவிட்டேன்’ என்பதே கெர்னல் சொல்லவரும் செய்தி. கொல்லப் பயன்படும் சிக்அபார்ட் சைகையை நிரல் பிடித்து வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நிரல் எந்த இடத்தில் மீறியது என்று தெரிய வேண்டுமானால், அமைப்பழைப்புகளைப் பதிவுசெய்யும் கேட்ரேஸ் கட்டளையின்கீழ் அதை ஓட்டி, அந்தப் பதிவிலிருந்து கேடம்ப் காட்டும் கடைசி வரிகளைப் பாருங்கள். சாக்கெட் அழைப்பும், அது மறுக்கப்பட்ட பதிவும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்.

இதற்குத் தீர்வாக ‘இனெட்’டையும், வலைப்பெயரைத் தேட உதவும் ‘டிஎன்எஸ்’ஸையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நிரல் ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன்பின், கோப்பைப் படிக்கவும் வலைக்கு அனுப்பவும் வாழ்நாள் முழுதும் அனுமதி பெற்ற நிரலாக அது ஆகிவிடும். பிளெட்ஜ் செயற்கூற்றை ஒரே நிரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். ஒவ்வொரு முறையும் பட்டியலைக் குறைக்கலாமே ஒழியக் கூட்ட முடியாது. ஆகவே தொடக்கத்தில் நான்கு சொற்களையும் கொடுத்து, பட்டியலைத் தரவிறக்கி, இணைப்பை மூடி, வேண்டிய கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு ‘எஸ்டிடிஐஓ’வை மட்டும் கொடுத்து மீண்டும் ஒருமுறை அழைப்பதே முறை. வெளியிலிருந்து வந்த எழுத்துகளைப் பகுத்துப் பார்க்கும் வேலைதான் எந்த நிரலிலும் ஆபத்தான வேலை. அந்த வேலை தொடங்கும்போது நிரலின் கையில் வலையும் இருக்கக்கூடாது, புதிய கோப்பைத் திறக்கும் வழியும் இருக்கக்கூடாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

இந்த ஏற்பாடு 2015 ஜூலையில் முதலில் வெளிவந்தபோது அதன் பெயர் ‘டேம்’. அதாவது விலங்கைப் பழக்குவது, அடக்குவது. அதே ஆண்டு அக்டோபரில் ‘பிளெட்ஜ்’ ஆயிற்று. 2016 மார்ச்சில் வந்த 5.9 பதிப்பில்தான் பயனர்கள் கைக்கு வந்தது. பழைய பெயரில் அடக்குபவர் ஒருவர், அடங்குவது மற்றொன்று. புதிய பெயரில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஓப்பன்பிஎஸ்டியில் இதற்கு முன்பிருந்த சிஸ்டிரேஸ் என்னும் ஏற்பாட்டில், நிரல் எதைச் செய்யலாம் என்னும் விதிகளை நிரலுக்கு வெளியே தனிக்கோப்பில் எழுதிவைக்க வேண்டும். நிரல் மாறினால் விதிக்கோப்பையும் யாராவது நினைவாக மாற்ற வேண்டும். அது 6.0 பதிப்போடு நீக்கப்பட்டது. பிளெட்ஜில் விதிக்கோப்பு என்று ஒன்று இல்லை; நிரலை எழுதுபவரே, நிரலுக்குள்ளேயே, எந்த இடத்திலிருந்து அது ஒடுங்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு வரியாக எழுதுகிறார். தமிழ்ச் சொல் வேறெதைக் காட்டாவிட்டாலும், தானே தனக்கு விதித்துக்கொள்வது என்னும் இந்த ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்பது என் கருத்து.

‘மணற்பெட்டி’ இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. அது பிள்ளையை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுபோய் உட்கார வைக்கும் இடம். மேலும், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விளையாடுகிறார்கள், பெட்டியில் விளையாடுவதில்லை.

‘உறுதிமொழி’க்குத்தான் ஆதரவு மிகுதியாக இருக்கிறது, அகராதிப்படி பிழையும் இல்லை. ஆனால் அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் வரிசையில் நின்று எடுக்கும் உறுதிமொழியும், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதியும் அந்தச் சொல்லை வெகுவாகத் தேய்த்துவிட்டன. மீறினால் ஒன்றும் ஆகாது என்பதே இன்று அதன் ஒலியில் இருக்கும் பொருள். மீறிய கணமே உயிர் போகும் ஓர் ஏற்பாட்டுக்கு அது பொருந்தவில்லை.

‘சூளுரை’யை முன்மொழிந்த ஐயா, புறநானூற்றின் 72ஆம் பாடலை எடுத்துக்காட்டியிருந்தார். அந்த வஞ்சினக் காஞ்சியில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் தன் குடிகள் தன்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது விடட்டும் என்கிறான். தவறினால் என்ன தண்டனை என்பதும் சூளுக்குள்ளேயே அடங்கியிருப்பது உண்மையில் பிளெட்ஜுக்கு மிக அருகில் வருகிறது. படித்தபோது ஒரு கணம் நானும் மயங்கினேன். ஆயினும் சூளுரை என்பது ஒன்றைச் செய்து முடிப்பேன் என்பதற்கான சொல். நாளிதழ்களில் இன்றும் அது மேடையில் முழங்குவதையே குறிக்கிறது. நம் நிரலோ எதையும் சாதிப்பதாகச் சொல்லவில்லை. இவற்றைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறது. ‘சூள்’ என்று சுருக்கலாமே என்றால், ளகரம், லகரம், ழகரம் மூன்றையும் ஒன்றாக ஒலிப்பவர்களின் வாயில் அது வேறு பொருள்களுக்குத் தாவிவிடும். திரைபடிப்பானைக் கொண்டு மடல்களைக் கேட்கும் உறுப்பினர்களுக்கும் தொல்லை.

விலகியிருத்தல் என்னும் பொருளுக்கு ‘நோன்பு’ நெருங்கிய சொல்தான். ஆனால் நோன்பைத் திறக்கலாம். பிளெட்ஜைத் திறக்க முடியாது. ‘தன்னடக்கம்’ என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். தன்னடக்கம் மீறியதால் கொல்லப்பட்ட நிரல் என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம்.

நான் முன்வைப்பது ‘தன்வரம்பு’. வரம்பு என்றால் இலங்கையின் வயல்வெளிகளில் இன்றும் பாத்திக்குப் பாத்தி மறித்துப் போட்ட மண்கரை. தமிழ்நாட்டில் வரப்பு என்போம். அந்தப் பொருள் தெரியாதவருக்கும் ‘வரம்பு மீறினான்’ என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மீறியவன்மேல் நடவடிக்கை வரும் என்பதும் அந்தத் தொடருக்குள் இருக்கிறது. வினையாக்குவதிலும் இடர்ப்பாடு இல்லை. ‘நிரல் தன்னை வரம்பிட்டுக்கொள்கிறது’ என்று சொன்னால், தனக்குத்தானே செய்துகொள்வதைக் ‘கொள்’ என்னும் துணைவினையே காட்டிவிடுகிறது. வெளியிலிருந்து விதிப்பதை ‘வரம்பிடுகிறது’ என்றும், உள்ளிருந்து விதிப்பதை ‘வரம்பிட்டுக்கொள்கிறது’ என்றும் பிரித்துச் சொல்லும் வசதி ‘உறுதிமொழி’யில் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். நினைவகம், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை போன்றவற்றுக்கு நிர்வாகி விதிக்கும் அளவையும் நாம் ‘வள வரம்பு’ என்கிறோமே, இரண்டும் கலந்துவிடாதா? கலக்காது என்றே எண்ணுகிறேன். அது எவ்வளவு என்பதைப் பற்றியது, இது எவை என்பதைப் பற்றியது. ‘தன்’ என்னும் முன்னொட்டும் கூடவே வருகிறது. அவசரத்தில் எழுதுபவர்கள் முன்னொட்டை விட்டுவிடுவார்கள் என்பது உண்மை. அப்படி விட்டாலும் டிமெஸ்ஜி வரி உடன் இருந்தால் பொருள் தெளிவாகிவிடும்.

செயற்கூற்றின் பெயரை மொழிபெயர்க்கும் பேச்சே இங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரல்வரியில் வருவது பிளெட்ஜ்தான். கையேட்டில் தேட வேண்டியதும் அதுதான். அந்தக் கருத்துக்குப் பெயர் தன்வரம்பு. அதற்குள் கொடுக்கும் ‘எஸ்டிடிஐஓ’, ‘இனெட்’ போன்றவற்றை, கடவுச்சொல்லைப் போல ‘இசைவுச்சொல்’ என்று அழைக்கலாம். ‘வாக்கு’ என்ற பரிந்துரை தேர்தலுக்குப் போய்விடுகிறது. இப்போது கெர்னலின் வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘தன்வரம்பு மீறல்: இனெட் என்னும் இசைவுச்சொல் இல்லாமல் 97ஆம் அமைப்பழைப்பு.’ மூலத்தைவிட இது தெளிவாகவே இருக்கிறது; அகராதி நண்பர் கேட்ட கேள்விக்கு இடமே இல்லை. சிக்கலைச் சொல்லி உதவி கேட்கும் ஒருவரின் மடலில் எந்தச் சொல் இடறாமல் உட்காருகிறதோ அதுவே நமக்கு வேண்டிய சொல்.

அடுத்து, 6.4 பதிப்பில், 2018 அக்டோபரில் வந்த ‘அன்வெய்ல்’: நிரலின் கண்ணுக்கு எந்தக் கோப்புப் பாதைகள் தெரியலாம் என்பதை வரையறுக்கும் ஏற்பாடு. இதற்கு ‘திரைவிலக்கு’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. பெயரின்படி சரி, பயனரின் அனுபவத்தின்படி நேர் எதிர். ஒரு நிரல் முதன்முறை அதை அழைத்து ஒரு பாதையைக் காட்டியவுடனே, கோப்பு முறைமையின் மற்ற பகுதிகள் அனைத்தும் அதன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஓப்பன்பிஎஸ்டியில் குரோமியம் உலாவியைப் பயன்படுத்துபவர்கள் இதை அறியாமலேயே அறிவார்கள்: ஆவணங்கள் கோப்புறையில் கண்ணெதிரே இருக்கும் கோப்பை மின்னஞ்சலில் இணைக்கப் போனால், உலாவி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். அனுமதி மறுப்பு என்று சொன்னாலாவது கோப்பின் அனுமதிகளைச் சரிபார்ப்போம். ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்று வருவதால் வட்டு பழுதோ என்று பதறி எழுதியவர்கள் இந்தக் குழுவிலேயே உண்டு. கோப்பைத் தரவிறக்கக் கோப்புறைக்குப் படியெடுத்து, அங்கிருந்து இணைத்தால் வேலை முடிந்துவிடும்.

திரையை விலக்கியதால் கோப்பு காணாமற்போயிற்று என்று அவரிடம் எப்படி விளக்குவது? ஆகவே இதைப் ‘பார்வைவரம்பு’ என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ‘உலாவியின் பார்வைவரம்புக்கு வெளியே உங்கள் கோப்பு இருக்கிறது’ என்றால் ஒரே வரியில் முடிந்தது. தன்வரம்பும் பார்வைவரம்பும் இணையாக நிற்பது கூடுதல் வசதி. நிரல்களில் அவை பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில்தான் வருகின்றன.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று, பிளெட்ஜ் செயற்கூற்றின் இரண்டாவது உள்ளீடு. ஒரு நிரல் வேறொரு நிரலை எக்செக் வழியாகத் தொடங்கும்போது, முன்னதன் தன்வரம்பு பின்னதற்குத் தானாகப் போய்ச் சேராது. புதிய நிரல் கட்டில்லாமல்தான் தொடங்கும். அதற்கும் வரம்பு வேண்டுமானால் அதற்குரிய இசைவுச்சொற்களை இந்த இரண்டாவது உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். ‘எக்செக்’ என்னும் இசைவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு இந்த உள்ளீட்டில் எதையும் கொடுக்காமல் ‘நல்’ (NULL) என்று விடுபவர்கள், வாசலைப் பூட்டியதாக எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். அதைத் ‘தன்’வரம்பு என்று சொல்ல முடியாது, ஏனெனில் அது அடுத்து வரும் நிரலுக்கானது. ‘வழிவரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; பாதையைக் குறிப்பதுபோல் ஒலித்து அன்வெய்லோடு குழம்புகிறது. ‘பின்வரம்பு’ என்றால் பட்டியலின் கடைக்கோடி என்று படிக்க இடமிருக்கிறது. இதற்கு ஏதேனும் சொல் தோன்றினால், அதை வைத்து ஒரு பிழைச்செய்தியையும் எழுதிக்காட்டி இந்த இழையிலேயே அனுப்புங்கள்.

அகராதி நண்பர், மறுசீரமைத்த நிரல்வரிகளையும் புதிய டிமெஸ்ஜி வரியையும் இங்கே ஒட்டினால் பார்க்கிறேன்.

அன்புடன்.