புதுப்பிப்பு: சிங்கப்பூர் ஜிபி2 கட்டுமான உரிமம் கிடைத்தது

ஜிபி2 (பொதுக் கட்டுமான நிறுவனங்களுக்கான இரண்டாம் வகுப்பு உரிமம்) விண்ணப்பம் நகரவே இல்லை, என்ன காரணமாக இருக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி, உரிமம் வந்துவிட்டது.

"டெக்னிக்கல் கன்ட்ரோலர் பெயர் பழைய கம்பெனி உரிமத்தில் இன்னும் கிடக்கிறதா பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது (டெக்னிக்கல் கன்ட்ரோலர் என்பவர் உரிமதாரரின் கட்டுமான வேலைகளை மேற்பார்க்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளர்). கிடந்தது. ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு உரிமதாரர்களுக்கு அந்தப் பொறுப்பில் இருக்க முடியாது. ராஜினாமா கடிதம் காட்டினால் ஆகாது. பழைய கம்பெனி அவர் பெயரை எடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

மூலதனத்தில் சிக்கலில்லை. செலுத்திய மூலதனம் 25,000 வெள்ளி போதும் (முதல் வகுப்பான ஜிபி1 என்றால் 300,000). ஜிபி2-க்கு ஒப்பந்த உச்சவரம்பு 6 மில்லியன் வெள்ளி.

எதிர்பாராதது ஒன்று: அரசாங்க டெண்டருக்கு இந்த உரிமம் மட்டும் போதாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் சிடபிள்யூ01 பதிவு (அரசாங்கக் கட்டட வேலைகளுக்கான ஒப்பந்ததாரர் பதிவு) தனி. உரிமம் கையில் இருந்தால்தான் அதற்கே விண்ணப்பிக்கலாம்.