ஆச்சி அறைக்கும் அதே டிவி

நான் (மாலை 6:02): ஆச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இருபது நாள் ஆகிறது. பட்டாசல் (முன்கூடம்) வரை வந்து அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. மாடியில் சும்மா கிடக்கும் 24 இஞ்ச் டிவியைப் பின்கட்டு அறையில் மாட்டலாம் என்று இருக்கிறோம். ஆனால் டிஷ் பாக்ஸ் பட்டாசலில் ஒன்றுதான் இருக்கிறது. அதிலிருந்தே ஆச்சிக்கும் இழுக்க முடியுமா மாமா?

அண்ணன் (6:05): மொட்டை மாடியிலிருந்து வரும் டிஷ் ஒயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்தால் போதுமே. கேபிள் டிவி இருந்தபோது அப்படித்தானே செய்தோம்.

மாமா (6:11): மருமகனே, அது மட்டும் வேண்டாம். பழைய கேபிளில் ஒயர் வழியே படம் நேராக டிவிக்கு வந்தது. டிஷ் ஒயரில் பாக்ஸும் மேலே பேசுகிறது. டிஷ் முன்னால் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கிக்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடை அலையை எடுக்கும். கீழே வருவதும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் அதற்கு ஆகாது.

மாமா (6:12): அப்புறம், அந்த ஒயரை நேராக டிவியில் சொருகினாலும் கட்டணச் சேனல் வராது. பூட்டைத் திறப்பது பாக்ஸ்தான். அதனால் பிரிப்பது என்றால் பாக்ஸுக்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அத்தை (6:20): எதற்கு இவ்வளவு சிரமம்? என் அம்மாவுக்குத் தனியாக ஒரு பாக்ஸ் வாங்கி வையுங்கள். காசு நான் தருகிறேன்.

மாமா (6:26): அதுவும் நல்ல வழிதான் மதினி. ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் வெளியே தரும். அதைப் பிரித்தால் இரண்டு அறையிலும் ஒரே படம்தான் ஓடும். தனிச் சேனல் வேண்டும் என்றால் தனி பாக்ஸ் வேண்டும். டிஷ் ஒன்றே போதும், இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. மாட்டி இன்னொரு ஒயர் இறக்கலாம். ஆனால் இரண்டாவது பாக்ஸுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். 2020 முதல் ஒரே வீட்டின் இரண்டாவது டிவிக்கு அடிப்படை நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருந்தது. 2024இல் அந்தக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

அண்ணன் (6:29): மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்?

மாமா (6:31): அது ஜிசாட் 15 செயற்கைக்கோளில் வருகிறது, கிழக்கே 93.5 டிகிரியில் இருப்பது. நம் டிஷ் வேறு பக்கம் பார்க்கிறது. இன்னொரு டிஷ் வைக்க வேண்டி வரும். ஆச்சி பார்க்கிற சீரியலும் அதில் இல்லை.

அம்மா (6:33): நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆச்சியிடம் யாராவது கேட்டீர்களா?

நான் (6:41): கேட்டேன். ஆச்சி சொன்னதை அப்படியே போடுகிறேன்: “எனக்குத் தனிச் சேனல் வேண்டாம். பட்டாசலில் நீங்கள் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் பார்ப்பதையே எனக்கும் காட்டுங்கள்.”

அத்தை (6:48): சரி. என் அம்மா சொல்கிறபடியே செய்யுங்கள். சாமான் செலவு என்னுடையது, அதில் யாரும் பேசக் கூடாது.

அண்ணன் (6:52): பாக்ஸையும் டிவியையும் இணைக்கிற எச்டிஎம்ஐ ஒயர் சொருகும் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்று ஓட்டை ஒரு பக்கம், ஒன்று மறு பக்கம். அதைக் கொடுத்து அனுப்பவா?

மாமா (6:55): ஒற்றை ஓட்டைக்குப் பக்கத்தில் ‘அவுட்’ என்று போட்டிருக்கிறதா பார். அப்படியானால் அது ஸ்விட்ச். மூன்று பாக்ஸை ஒரு டிவிக்குக் காட்டுவதற்கு. நமக்கு வேண்டியது ஸ்ப்ளிட்டர், ஒன்று உள்ளே போய் இரண்டாக வெளியே வருவது. கடையில்கூட ஒன்றுக்கு மற்றதைத் தவறாகக் கொடுத்துவிடுவார்கள், எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்.

அண்ணன் (6:56): ஆமாம், அவுட் என்றுதான் இருக்கிறது.

மாமா (7:01): ஸ்ப்ளிட்டரும் இங்கே வேண்டாம். சாதா எச்டிஎம்ஐ ஒயர் பத்து மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். இரண்டு டிவியில் ஒன்று சின்னதாக இருந்தால் பெரிய டிவியிலும் படத் தரம் இறங்கிவிடும். பட்டாசல் டிவி எச்டிஎம்ஐயிலேயே இருக்கட்டும். பாக்ஸ் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை சும்மாதானே இருக்கிறது? அதிலிருந்து ஆச்சிக்கு இழுப்போம். 24 இஞ்சுக்கு அந்தப் படம் நன்றாகவே இருக்கும்.

மாமா (7:02): சில பாக்ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் வராது. ஒயர் வாங்கும் முன் அந்தச் சின்ன டிவியைப் பட்டாசலுக்கே தூக்கி வந்து சொருகிப் பார்த்துவிடுங்கள்.

நான் (7:24): பார்த்தாயிற்று. இரண்டிலும் படம் வருகிறது! சின்ன டிவியில் மூன்று ஓட்டை இல்லை மாமா, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான். நல்லவேளை, அதற்கான குட்டி ஒயரை அம்மா பீரோவில் எடுத்து வைத்திருந்தார்கள்.

மாமா (7:27): அது இல்லாவிட்டால் அலைய வேண்டியிருக்கும். இப்போது கொடிக்கயிற்றை வைத்து அள. பாக்ஸிலிருந்து நடை வழியாக, அடுக்களைச் சுவரை ஒட்டி, ஆச்சி அறைக்குள் டிவி வரை.

நான் (7:39): 18 மீட்டர்.

மாமா (7:42): கடையில் தொங்கும் மெல்லிய மூன்று கலர் ஒயர் இந்தத் தூரத்துக்கு வேண்டாம். இரைச்சல் ஏறும். டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்ஜி 6 ஒயரையே மூன்று இழையாக இழுப்போம். 75 ஓம், படத்துக்குச் சரியாகப் பொருந்தும். முனையில் அந்தக் கலர் ஓட்டையில் சொருகும் ஆர்சிஏ பின் நான் மாட்டித் தருகிறேன். 60 மீட்டர் வாங்கு. கரண்ட் பைப்புக்குள் சேர்த்து இழுத்துவிடாதே, படத்தில் பட்டை ஓடும்.

அம்மா (7:45): பகலில் நாங்கள் வேலைக்குப் போன பிறகு சேனலை யார் மாற்றுவது? ஆச்சி நடக்கக் கூடாது என்றுதானே இவ்வளவும்.

மாமா (7:49): ரிமோட் வெளிச்சம் சுவரைத் தாண்டாது அக்கா. அதற்கு ரிமோட் எக்ஸ்டெண்டர் இருக்கிறது. ஒரு கண் ஆச்சி அறையில், இன்னொன்று பாக்ஸ் முன்னால். நடுவில் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். ரிமோட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி ஆச்சி கையிலேயே கொடுத்துவிடுங்கள். பகலில் அவர்கள் வைக்கிற சேனல்தான்.

அண்ணன் (7:53): மேட்ச் நாளில் நான் வந்தால் போனில் பார்த்துக்கொள்கிறேன். எட்டு மணி சீரியலை யாரும் மாற்ற வேண்டாம்.

மாமா (7:55): ஞாயிறு காலை ஒன்பதுக்கு வருகிறேன். டிவி எந்தச் சுவரில்?

நான் (7:56): தெற்குச் சுவரில் ஆணி தயாராக இருக்கிறது.

அம்மா (7:58): தெற்கே மாட்டினால் ஆச்சி வடக்கே தலை வைத்துப் படுக்க வேண்டி வரும். வடக்குச் சுவரில் மாட்டுங்கள்.

மாமா (8:00): சரி அக்கா. அப்படியானால் ஜன்னலைச் சுற்றி இன்னும் மூன்று மீட்டர் போகும். பாப்பா, 60 போதாது, 70 மீட்டராக வாங்கிவிடு.