42 நிமிடம் என்று கணக்குப் போட்ட பயணம்

பசிபிக் பெருங்கடலில் உள்ள கோஸ்ரே தீவுக்கும் போன்பே தீவுக்கும் நேர்கோட்டில் சுமார் 555 கிலோமீட்டர். விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் 42 நிமிடம் வருகிறது. கிளம்பும் முன் நானும் அப்படித்தான் தாளில் எழுதி வைத்திருந்தேன். கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து குவாம் தீவுக்குப் பசிபிக் தீவுகள் வழியாகப் போகும் யுனைட்டெட் விமானம் அது. மஜுரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் என்று ஐந்து இடங்களில் இறங்கி ஏறுகிறது. நேராகப் பறந்தால் சுமார் 6,100 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீவு வழியைக் கூட்டினால் ஏறத்தாழ 7,000. தூரம் 900 கிலோமீட்டர்தான் கூடுகிறது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்த நேரம் எங்கே போகிறது என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். குட்டைப் பயணத்தில் விமானம் மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. முழு வேகத்தில் ஓடுவது நடுவில் சில நிமிடங்கள்தான். போன்பேயில் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். சக்கரம் தொட்டதும் பிரேக் போடும் வேகத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் தனிப் பாதை கிடையாது. அதனால் ஓடுபாதையின் கோடி வரை போய், அங்கேயே திரும்பி, வந்த வழியே மெதுவாக ஊர்ந்து வர வேண்டும். திரும்பும்போது இறக்கைக்குக் கீழே தரையே தெரியவில்லை, கடல்தான்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் முக்கால் மணி நேரம் வரை போகும். பழுது வந்தால் பார்க்க ஒரு மெக்கானிக்கும் உதிரி பாகங்களும் கூடவே பயணம் செய்கிறார்கள். கோஸ்ரேயில் அவர் டார்ச்சோடு குனிந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததைக் கண்டதும் எனக்கு மனசு நிறைந்தது. அடுத்த உதவி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடம் அது. குவாஜலின் அமெரிக்க ராணுவத் தளம். அனுமதி இல்லாதவர்கள் இருக்கையிலேயே இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் தேதி. வழியில் சர்வதேச தேதிக் கோட்டைக் கடப்பதால் நாள் மாறிவிடுகிறது. ஹொனலுலுவில் திங்கள் காலை 7 மணிக்குக் கிளம்பி ஐந்து மணி நேரம் பறந்தால், மஜுரோவில் செவ்வாய் காலை 10 மணி. டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்தால் 27 மணி நேரம் வரும். ஆகவே உள்ளூர் நேரத்தைக் கழிக்காதீர்கள். டிக்கெட்டில் தனியாகப் போட்டிருக்கும் பயண நேரத்தைப் பாருங்கள்.

திரும்பி வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குவாமில் சனிக்கிழமை காலை 8 மணி வாக்கில் ஏறினால், 14 மணி நேரம் கழித்து இறங்கும்போது ஹொனலுலுவில் அதே சனிக்கிழமை விடியற்காலை 2 மணிதான் ஆகியிருக்கும். அதனால் அங்கே அறையை வெள்ளி இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள்.