இனேஜ் ஏறின புகைக்கூடும் உருகின றப்பரும்

சுன்னாகத்தான்:
நேற்று ஒராள் எழுதினதைப் பார்த்துப் பத்திக்கொண்டு வந்தது. லீ பார்டுகோவின்ர 'சிக்ஸ் ஒஃப் குரோஸ்' கற்பனை நாவல் (2015): ஊர் ஒதுக்கின ஆறு பேர் 3 கோடி குரூகே (கதையில வாற காசு) கூலிக்குக் கைதிகளா பனிக்கோட்டைக்குள்ள நுழையினம். அவையில ஒருத்தி இனேஜ் எரியுலையின்ர புகைக்கூட்டுக்குள்ளால ஆறு மாடி ஏறுறாள். அடியில தணல், சப்பாத்தின்ர றப்பர் அடி உருகுது. "உருகினால் வழுக்கி விழுந்திருப்பாள், கதையே பிழை" எண்டு தீர்ப்பு! றப்பர் இளகினால் ஒட்டும். வழுக்காது.

கோண்டாவில் கீதா:
எழுதினது நான்தான், ஒளிச்சு நிண்டு கதைக்கத் தேவையில்லை. இளகின றப்பர் சுவரில ஒட்டும், சரி. ஆனா பாரம் விழ அந்த இளகின றப்பர்ப் படை சப்பாத்தை விட்டுக் கழண்டு சுவரோட நிண்டிடும், கால் கீழ வரும். அதோட சுவர் முழுக்கக் கரி. கரிப்பொடி படிஞ்ச றப்பர் எதிலயும் ஒட்டாது.

சுன்னாகத்தான்:
ஏறுற முறை தெரியாமல் எழுதுறீர். முதுகு ஒரு சுவரில, ஒரு பாதம் எதிர்ச்சுவரில. மற்றக் காலை மடிச்சு இடுப்புக்குக் கீழ பின்சுவரில ஊண்டவேணும். ரெண்டு உள்ளங்கையாலயும் பின்சுவரைத் தள்ளி உடம்பை அரை அடி உயர்த்திப்போட்டு, முதுகைத் திரும்பச் சாய்ச்சுக் காலை மாத்தவேணும். ரெண்டரை, மூண்டு அடி அகலத்துக்கு இதுதான் வழி. பாரத்தைத் தாங்கிறதில பாதி முதுகு. அகலம் கூடினால் காலை ரெண்டு பக்கமும் விரிக்கவேணும், அப்ப முழுப்பாரமும் சப்பாத்தடியில. ரெண்டிலயும் இளகின றப்பர் ஒட்டும்.

கொடிகாமம் பனை:
காலில தளைநார் போட்டுப் பனை ஏறுறவை சப்பாத்தோட ஏறுகினமோ? வெறுங்காலோட போயிருக்கலாம்.

கோண்டாவில் கீதா:
பனை வெளியில கட்டிப்பிடிச்சு ஏறுறது, இது உள்ள நிண்டு தள்ளுறது. எல்லா விவாத இழைக்குள்ளயும் பனையை இழுக்காதேங்கோ. சுன்னாகத்தான் அண்ணை, முதுகு சுவரில எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். கந்தகம் சேர்த்துச் சுட்ட றப்பர் உருகாது. 200 பாகை செல்சியஸ் அளவிலதான் சிதைஞ்சு பிசுபிசுக்கும், பிறகு கருகும். 60 பாகையிலயே தோல் அஞ்சு செக்கனில வெந்திடும். சப்பாத்தடி உருகிற சூட்டில முதுகு எப்பிடித் தாங்கும்?

சுன்னாகத்தான்:
கந்தகம் சேர்த்தது எண்டு ஆர் சொன்னது? சேர்க்காத பச்சை றப்பர் வெயிலுக்கே இளகும். இளகினால் ஒட்டும்.

கோண்டாவில் கீதா:
அந்தக் கோட்டையில யுத்த தாங்கி நிக்குது! எங்கட உலகத்தில குட்இயர் றப்பரோட கந்தகம் கலந்து சுடுற முறையைக் கண்டுபிடிச்சது 1839இல, தாங்கி போருக்கு வந்தது 1916இல. தாங்கி செய்யிறவைக்குக் கந்தகம் தெரியாதோ?

மானிப்பாய் மாஸ்டர்:
எல்லாரும் சப்பாத்தையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். தணலில இருந்து காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு வரும். சூடான வாயு மேல போற வழியும் அவள் ஏறுற வழியும் ஒண்டு. காற்றில ஒரு வீதத்துக்கு மேல இருந்தால் சில நிமிசத்தில ஆள் முடியும், மணமும் இல்லை. ஆறு மாடிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

சுன்னாகத்தான்:
மாஸ்டர், அதுக்கு வேற இழை திறவுங்கோ. இஞ்ச கதை றப்பர். கீதா, இந்தக் கதையின்ர தலைவன் காஸ் பூட்டுத் திறக்கிறதைப் பற்றின இழையிலயும் நீர் இப்பிடித்தான். இழுவைக் கம்பியால பூட்டின்ர உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்காட்டில் உள்ள தூக்கின ஊசியெல்லாம் திரும்ப விழும் எண்டு சொல்லச் சொல்ல, ஒத்தைக் கம்பி போதும் எண்டு நிண்டனீர்.

கோண்டாவில் கீதா:
பல்லுக் கம்பியால உரசித் திறக்கிறதைப் பற்றி நான் எழுதினதை வெட்டிப்போட்டு மிச்சத்தைக் காட்டுறியள். அதுக்கும் இழுவை வேணும் எண்டு கீழயே எழுதியிருக்கிறன். முதுகுக்கு இன்னும் பதில் வரேல்லை.

கொடிகாமம் பனை:
தளைநாரைக் கண்ணால காணாதவை பனையைப் பற்றிக் கதைக்க வேண்டாம். பாதம் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதே அந்த நார்தான், பிடி முழுக்க வெறுங்காலில.

சுன்னாகத்தான்:
முதுகில உடுப்பு இருக்கு. சுவர் எல்லா உயரத்திலயும் ஒரே சூடில்லை, மேல போகப் போகக் குறையும். இளகின றப்பர் ஒட்டும். எத்தினை தரம் எழுதிறது?