எஃப் பார் கார்டில் இரண்டாம் தந்தி ஒலிக்க மறுக்கிறது

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். 46 வயதில் கித்தார் கற்கத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. சி, ஜி, ஏ மைனர் ஆகிய கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடிகள்) கைக்கு வந்துவிட்டன. ஆனால் முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து, அதாவது பார் பிடித்து, எஃப் வாசிக்கும்போது இரண்டாம் தந்தி ‘டொக்’ என்று அடைபட்டுப்போகிறது. முதல் தந்தியும் அரைகுறைதான். அரை மணி நேரம் விடாமல் முயன்றால் பெருவிரலின் அடிச்சதை கடுக்கிறது. மறுநாள் எம்ஆர்டி ரயிலில் அந்தக் கையால் கைப்பிடியைப் பற்றவும் தயங்குகிறேன். என் விரல்கள் மெலிந்தவை என்பதுதான் காரணமா?

விரல்தழும்பு:
விரலின் பருமன் காரணமன்று, ஐயா. ஆறு தந்திகளையும் சுட்டுவிரலே சமமாக அழுத்த வேண்டும் என்று எண்ணித்தான் எல்லாரும் கையை நோகடித்துக்கொள்கிறோம். ஐந்தாம், நான்காம் தந்திகளை மூன்றாம் ஃபிரெட்டில் மோதிரவிரலும் சுண்டுவிரலும், மூன்றாம் தந்தியை இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரலும் பார்த்துக்கொள்வதால், சுட்டுவிரலின் பொறுப்பில் மிஞ்சுபவை ஆறாம், இரண்டாம், முதல் தந்திகள் மட்டுமே. உங்கள் விரல் மூட்டின் மடிப்பு சரியாக இரண்டாம் தந்தியின்மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். விரலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தி, சதைப்பற்றான உட்புறத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பக்கமுள்ள எலும்பு ஓரம் தந்தியில் படுமாறு சற்றே சாய்த்துப் பாருங்கள். பெருவிரலால் நெரிக்காமல், முழங்கையின் எடையால் பின்னோக்கி இழுத்தால் கடுப்பும் குறையும்.

பழையகித்தார்:
மேலே சொன்னது சரியே. ஆனாலும் கையைக் குறைகூறுமுன் கருவியைச் சோதியுங்கள். நான் ஓராண்டுக்காலம் என் விரலையே நொந்துகொண்டிருந்தேன், குற்றவாளியோ நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளங்களில் அமர்ந்துசெல்லும் சிறு துண்டு). ஒரு தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தாள் கனமே இருக்க வேண்டும். அதைவிட அதிகமானால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக இல்லை என்று பொருள். அந்நிலையில் முதல் ஃபிரெட்டில் பார் பிடிப்பது யாருக்கும் கடினமே. ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் நம் சிங்கப்பூரில் மரப்பலகை உப்பித் தந்திகள் உயர்வதும் உண்டு, ஆனால் அதன் பாதிப்பு மேல் ஃபிரெட்டுகளில்தான் அதிகம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கித்தார் கடைகள் உள்ளன. நட்டை அராவித் தருவார்களா என்று கேளுங்கள். 0.012 அங்குலத் தந்தி போட்டிருந்தால் 0.010-க்கு மாறுவதும் உதவும்.

சுண்டுவிரல்:
அதுவரை இதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடியுங்கள். அது ஏ மேஜர். அங்கே தந்தி எளிதில் பணியும். தெளிவாக ஒலித்த பின்னரே ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழிறங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தெம்பனிஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. சோதித்தேன், ஆறாம் தந்திக்கு அடியில் என் பெயர் அட்டையே நுழைந்துவிட்டது! சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோகிறேன். விரலைச் சாய்த்து மூன்றாம் ஃபிரெட்டில் பிடித்தபோது இரண்டாம் தந்தி நேற்றிரவு முதன்முறையாக ஒலித்தது. முதல் ஃபிரெட்டில் இன்னும் ‘டொக்’தான்.