1988 யாழ்ப்பாணத்தைக் கொங்கு மண்ணில் எடுக்கறோம், எங்கெல்லாம் சறுக்கும்?

உடுமலை கேமரா:
வணக்கமுங்க. ஆறு பகுதி டிவி தொடர் ஒண்ணு எழுதி முடிச்சாச்சு. கோயமுத்தூர் மில்லுல ஃபிட்டர் வேலை பார்க்கற ஒருத்தன் டெரிட்டோரியல் ஆர்மியிலயும் இருக்கான். 1988-ல் இந்திய அமைதிப்படையோட இலங்கைக்குப் போறான். மொத்தம் 12 நடிகர்கள், 20 நாள் படப்பிடிப்பு. அங்கே போய் எடுக்கக் காசில்லை. பொள்ளாச்சியில ஒரு தென்னந்தோப்பு பேசி வச்சிருக்கோம், ஆடி மாசம் ஆரம்பம். வாடகைக்கு டம்மி துப்பாக்கி கேட்டா எல்லாரும் இன்சாஸ் ரைஃபிள்தான் எடுத்து நீட்டறாங்க. பரவாயில்லையா? வேற எதெதுல தப்பு வரும்?

ரோல்கால்:
முதல்ல கதையோட எலும்பைச் சரி பண்ணுங்க. டிஏ, அதாவது டெரிட்டோரியல் ஆர்மி ஆள் முழுநேர சிப்பாய் கிடையாது. வருசத்துல சுமார் ரெண்டு மாசம் பயிற்சி, மீதி நாள் அவனவன் பொழப்பு. கூப்பிட்டுச் சேர்க்கறதை 'எம்பாடி', திருப்பி அனுப்பறதை 'டிஸ்எம்பாடி'ன்னு சொல்வாங்க. எம்பாடி ஆன நாளுக்குத்தான் ராணுவச் சம்பளம்.

நீங்க தவற விடக்கூடாத இடம் ஒண்ணு இருக்கு. 1948-ம் வருச டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்தோட 9-ம் பிரிவுப்படி, மத்திய அரசோட பொது உத்தரவோ தனி உத்தரவோ இல்லாம டிஏ ஆளை இந்திய எல்லைக்கு வெளியே வேலைக்கு அனுப்ப முடியாது. அதனால 'நாளைக்குக் கப்பல் ஏறு'ன்னு ஒரு மேஜர் வாய்வார்த்தையா சொல்ற மாதிரி எழுதினா அங்கேயே கதை படுத்துரும். உத்தரவுக் காகிதம் வர்ற காட்சி வேணும். பணி முடிஞ்சு திரும்பினா மில் முதலாளி அவனைப் பழைய வேலையில மறுபடி சேர்த்துக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. ஆறாவது பகுதிக்கு அதுவே போதும், தனியா வில்லன் தேட வேண்டாம்.

அமைதிப்படையோட இலங்கை நடவடிக்கையான 'ஆபரேஷன் பவன்'ல டிஏ பிரிவுகள் பங்கெடுத்தது உண்மை, அதனால கதையோட அடிப்படை நிக்கும். ஆனா கோவையில இருக்கற பட்டாலியன் எண்ணை அப்படியே போடாதீங்க. கற்பனை எண் ஒண்ணு வச்சுக்கங்க. காலமும் இந்த வரம்புக்குள்ள இருக்கட்டும்: இந்திய-இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29, சண்டை மூண்டது அக்டோபர், கடைசிப் படை கிளம்பினது 1990 மார்ச்.

சின்னச் சின்னதா சில. தலையில தொப்பி இல்லாம சல்யூட் கிடையாது. தரைப்படை சல்யூட்ல உள்ளங்கை எதிராளிக்குத் தெரியணும். லான்ஸ் நாயக்குக்குக் கையில ஒரு பட்டை, நாயக்குக்கு ரெண்டு, ஹவில்தாருக்கு மூணு. சுபேதாரைச் சிப்பாய் 'சாப்'னு கூப்பிடுவான், 'சார்'னு இல்லை. கவாத்து கட்டளையெல்லாம் இந்தி: சாவ்தான், விஷ்ராம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோட இணைஞ்ச பிரிவுன்னா போர்முழக்கம் மட்டும் தமிழ்ல வரும்: 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'.

தறிக்காரன்:
இன்சாஸ் பரவாயில்லையான்னா, வேண்டவே வேண்டாம். அது படைக்குப் பரவலா வந்தது 90-கள்ல. 1988-ல் சிப்பாய் கையில 7.62 எஸ்எல்ஆர் ரைஃபிள்தான். தோள்ல அணைக்கற பட் மரக்கட்டை, 20 குண்டு மேகசின், ஒரு அமுக்குக்கு ஒரு குண்டு. தொடர்ச்சியா சுடாது. எடிட்டிங்ல எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே ஏகே சத்தத்தை ஒட்டறதுதான் நம்ம சீரியல்களோட நிரந்தர வியாதி. எஸ்எல்ஆர் ஒத்தைச் சத்தம், கனமா 'டப்'புன்னு வெடிக்கும். எதிர்ப்பக்கம் ஏகே தடதடக்கும். அந்த வித்தியாசம் கேட்டாலே எவன் எங்கே நிக்கறான்னு பார்க்கறவனுக்குப் புரிஞ்சிரும். ஒரு காட்சியில ஒருத்தன் 20 தடவைக்கு மேல சுட்டா நடுவுல மேகசின் மாத்தணும், எண்ணிக்கை எழுத ஒரு அசிஸ்டெண்ட்டை நிறுத்துங்க. எல்எம்ஜி (லைட் மெஷின் கன்) வேணும்னா மேல மேகசின் செருகற பிரென் வகை.

டம்மியை ஃபைபர்ல வாங்கினாலும் பட் மட்டும் நிஜ மரத்துல செஞ்சு மாட்டிருங்க. குளோஸ் அப்ல ஃபைபர் பளபளப்பு காட்டிக் கொடுத்திரும்.

உடுப்பு ஓஜி, அதாவது ஆலிவ் கிரீன். இப்ப இருக்கற டிஜிட்டல் புள்ளி உடுப்பு 2022-ல் வந்தது, கடையில கேட்டா அதைத்தான் தருவாங்க. திருப்பூர்ல பனியன் துணிதான் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியது தறித் துணி. டிரில் நெசவு காட்டன் காடாத் துணியை ஈரோட்டுப் பக்கம் வாங்கி டையிங் கொடுங்க. 58 இஞ்ச் அகலத்துல சட்டைக்கும் பேண்ட்டுக்கும் சேர்த்து 3.5 மீட்டர். ஆளுக்கு ரெண்டு செட்டுன்னா 84 மீட்டர், சண்டை டூப்புகளுக்கு 4 செட் சேர்த்தா 98. நூறு மீட்டரையும் ஒரே லாட்ல சாயம் போடச் சொல்லுங்க. ரெண்டு லாட் ஆனா ஷேடு மாறும், கேமரா விடாது. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அலசிக் காயப் போடுங்க, காட்டன் சுருங்கும். பாலியஸ்டர் கலந்தது எல்இடி லைட்ல மினுங்கும், வேண்டாம். முட்டியும் முழங்கையும் உப்புத்தாளால தேய்ச்சு, முதுகுல உப்புத்தண்ணி தெளிச்சுக் காயவிட்டா வேர்வை காஞ்ச வெள்ளை வளையம் வரும்.

வண்டிக்கு சக்திமான் லாரி, ஜோங்கா ஜீப். பின்னால வந்த ஸ்டாலியன் லாரியை நிறுத்தினா காலம் தப்பு.

பனங்காட்டான்:
பொள்ளாச்சி வேண்டாமுங்க. தென்னை பிரச்சினை இல்லை, யாழ்ப்பாணத்துலயும் இருக்கு. பிரச்சினை மலை. யாழ் குடாநாடு தட்டையான பூமி, மலையும் இல்லை, வருசம் முழுக்க ஓடற ஆறும் இல்லை. பொள்ளாச்சியில கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆனைமலை வந்து எட்டிப் பார்க்கும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் போங்க. செம்மண் கிடைக்கும், பனை கிடைக்கும். கொறங்காட்டுக் (மேய்ச்சல் காடு) கிளுவை வேலி ஒரு வரப்பிரசாதம், யாழ்ப்பாணத்துலயும் வேலிக்குக் கிளுவைக் கதியால் (வேலிக் கம்பு) நடறாங்க. அதுக்கு மேல கிடுகும் (பின்னின தென்னோலை) பனையோலையும் கட்டிவிட்டா பாதி வேலை முடிஞ்சது. கிணறுதான் இடிக்கும். நம்ம ஊர்ல ஆழக் கிணறு, அங்கே ஏத்தம் மாதிரி மரத்தால தண்ணி இறைக்கற துலாக் கிணறு. ஒரு துலாவை நட்டு, கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்காம எடுங்க.

ஃபிரேம்ல வரக்கூடாதது: காற்றாலை. பூளவாடி, குடிமங்கலம், கேத்தனூர்ப் பக்கம் எங்க நின்னாலும் ஒரு இறக்கை சுத்திட்டிருக்கும். அப்புறம் காங்கேயம் காளை. கொம்பைப் பார்த்ததும் நம்ம ஊர்க்காரன் சிரிச்சிருவான்.

ஆடியில லைவ் சவுண்ட் எடுக்கவே முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல பனையோலை அடிக்கற சத்தம் வசனத்தை முழுங்கிரும். தை, மாசிக்குத் தள்ளுங்க.

உடுமலை கேமரா:
இடமும் மாசமும் மாத்திக்கறோமுங்க, நன்றி. கண்ணிவெடிக் காட்சி ஒண்ணு இருக்கு, டிரோன் ஷாட்டும் இருக்கு. பர்மிஷனுக்கு யார்கிட்டப் போகணும்?

சத்தக்காடு:
நிஜ வெடிமருந்து வேண்டாம். கம்ப்ரசர் டேங்கோட காத்துக் குழாயை மண்ணுல புதைச்சு வாய் திறந்து விட்டாப் போதும். மேல போடறதுக்கு மஞ்சி மில் தூள் (தேங்காய் நார்த் தூள்), சலிச்ச செம்மண், ரெண்டும் பாதிப் பாதி. தூள் லேசு, உயரமா எழும்பும், மேல பட்டாலும் காயம் ஆகாது. கல்லு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, ரெண்டு தடவை சலிங்க. காஞ்ச மஞ்சித் தூள் தீப்பிடிக்கும், அதனால அதே ஷாட்ல நெருப்பு வைக்காதீங்க. நெருப்பு கிராஃபிக்ஸ்ல வரட்டும். நடிகர்களைக் குழாய்ல இருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தி லாங் லென்ஸ் போட்டா பக்கத்துல வெடிச்ச மாதிரியே தெரியும்.

டிரோனுக்கு அரசோட டிஜிட்டல் ஸ்கை தளத்துல இருக்கற வான்வெளி வரைபடத்தைப் பாருங்க. கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் சுத்தி சிவப்பு மண்டலம், அனுமதி இல்லாம பறக்கவே முடியாது. காங்கேயம் தாண்டிட்டா சுலபம்.

ராணுவக் கதைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தோட தடையில்லாச் சான்று வாங்கணும்னு 2020-ல் கடிதம் போயிருக்கு, அதனால முழு வசனப் பிரதியோட இப்பவே எழுதிப் போடுங்க. உள்ளூர் ஸ்டேஷனுக்கு தேதி, இடம், டம்மி எத்தனைன்னு எழுத்துல கொடுங்க. உடுப்போட டீக்கடைக்கு யாரையும் விடாதீங்க. ராணுவ உடை போட்டு ஏமாத்தறது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 168-ம் பிரிவுல குற்றம். நடிப்பு அதுல வராதுதான், ஆனா அதை ரோட்டோரமா நின்னு போலீசுக்கு விளக்கி முடிக்கறதுக்குள்ள அரை நாள் கால்ஷீட் போயிரும்.

பனங்காட்டான்:
ஒண்ணு விட்டுப் போச்சு. பேச்சு. யாழ்ப்பாணத்துக்காரங்க வாயில 'பேசு' வராது, 'கதை'தான். 'ஆமா' இல்லை, 'ஓம்'. 'எங்கீங்க போறீங்க'ன்னு நம்மாளு கேட்டா, அந்தம்மா 'எங்க போறியள்'னு திருப்பிக் கேக்கணும். 'அப்புறம்'கறதுக்கு 'பேந்து'. ராணுவம் அவங்களுக்கு 'ஆமி'. சென்னை டப்பிங் ஆளை வச்சு இழுத்து இழுத்துப் பேச விட்டா கேலியாயிரும். அந்தப் பேச்சுல பொறந்தவங்க ஒருத்தரை ஸ்பாட்லயே உட்கார வைங்க, 20 நாளும்.